பிழை பார்க்கிறவள்

எங்கள் கல்லூரி அலுவலகத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘தொலைந்துபோகும் அசல் சான்றிதழ்களுக்கு அலுவலகம் பொருப்பல்ல’ என்று நானே எழுதி, நானே பசை தடவி ஒட்டியது. ஆறு வருஷம் அது அங்கேதான் இருந்தது. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் உட்பட எல்லாரும் தினமும் அதைத் தாண்டித்தான் கையெழுத்துப் போடப் போவார்கள். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. ஒரு மே மாதக் காலையில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்ற ஒரு பெண், பேனாவை எடுத்து அந்த ‘ரு’வை அடித்துவிட்டு மேலே ‘று’ போட்டாள்.

கவுண்டருக்குள் இருந்தபடி, என்னம்மா செய்கிறாய் என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன். பின்னால் நின்ற பெண் தோளைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தாள். நேராக வந்தாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கம்பிக்குள் நுழைத்து, பேனாவையும் நீட்டி, “எழுதுங்க,” என்றாள்.

பதினாலு வருஷ சர்வீஸ் எனக்கு. பதினேழு வயதுப் பெண் என்னை எழுதச் சொல்லுகிறாளே என்று கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவள் தன் காதைத் தொட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நோட்டை வாங்கி, ஏன் அறிவிப்பில் கிறுக்கினாய் என்று எழுதிக் கொடுத்தேன்.

“சின்ன ரு போட்டா பொருப்பு, அப்படின்னா மலை சார். அலுவலகம் மலை இல்லைன்னு எழுதிப் போட்டிருக்கு,” என்றாள். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று அவளுக்குத் தெரியாது. வரிசை முழுக்கக் கேட்டது. வரிசை முழுக்கச் சிரித்தது. கொஞ்சம் தாமதமாக நானும் சிரித்தேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதில் ஒரு றகரம் வரும். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கார்டில், மாற்றுத்திறனாளி அட்டையில் என்று மூன்று இடத்திலும் மூன்று விதமாகத் தப்பாக எழுதியிருந்தார்கள். நான்காவது தப்பு என்னுடையதாக இருக்க வேண்டாம்.

கீழவைப்பாரிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வருவாள். அம்மா தூத்துக்குடி மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. விண்ணப்பத்தைக் கடுதாசி என்பார், சான்றிதழையும் கடுதாசி என்பார், மதிப்பெண் பட்டியலும் அவருக்குக் கடுதாசிதான். மகளுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலைப் பற்றி அவர்தான் சொன்னார். காய்ச்சல் பத்து நாளில் விட்டுவிட்டது, காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது என்று.

ஒன்பது வயதுவரை கேட்டு வளர்ந்ததால் அவளுக்குப் பேச்சு இருந்தது. ஆனால் அவளுடைய வார்த்தைகள் இரண்டு வகை. காது இருந்த காலத்துச் சொற்கள் எல்லாம் கடற்கரைப் பேச்சு. அதற்குப் பிறகு கற்றவை அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும். ‘அங்கன போயி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கணுமா சார்’ என்று கேட்பாள். அவள் ‘சமர்ப்பிக்க’ என்று சொல்லும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இறங்கி வரும். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. போகப் போக நான் அந்தச் சொற்களை எவ்வளவு மென்று விழுங்குகிறேன் என்பது உறைத்தது.

எதிரே நிற்கிறவர் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வாள். பிறகு எதற்கு நோட்டு என்று ஒருநாள் எழுதிக் கேட்டேன். ‘பணம்’ என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். ‘மனம்’ என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். உதட்டில் இரண்டும் ஒன்றுதானாம். அவளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது, ஊர்த் திருவிழாவுக்கு வரச் சொன்னதற்கு அவள் சித்தி ‘பணம் இல்லை’ என்றாளாம். இவள் அதை ‘மனம் இல்லை’ என்று படித்துக்கொண்டு ஒரு வருஷம் சித்தி முகத்திலேயே விழிக்கவில்லை. சித்திக்குக் காரணமும் தெரியவில்லை. விஷயம் வெளியே வந்தபோது இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அதற்கு அடுத்த நாள்தான் முதல் நோட்டு வாங்கியது.

மீசைக்காரர்கள் பேசினால் பாதிகூடப் பிடிபடாது என்றும் அன்று சொன்னாள். மறுநாள் சலூனில் என் மீசையைக் கொஞ்சம் மெலிதாக்கச் சொன்னேன். மனைவி ஏன் என்று கேட்டாள். வெயில் என்று சொல்லி வைத்தேன்.

அம்மா சொன்ன இன்னொரு கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊர் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய இவள் போய் முழங்காலிட்டால், ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வதெல்லாம் கடைசி பெஞ்சுவரை கேட்குமாம். யார் வீட்டுக் கொய்யாவைத் திருடினாள் என்பது ஊருக்கே தெரிந்துபோனது. இனிமேல் பாவத்தை எழுதிக் கொண்டுவா என்று சாமியார் சொல்லிவிட்டார். எழுதிக் கொண்டுபோனாள். அவர் அதே நோட்டில் மூன்று ஜெபம் சொல்லும்படி எழுதித் தந்தார். ஜெபம் சொன்ன கையோடு, சாமியார் எழுதியதில் இரண்டு ஒற்றுப் பிழையைத் திருத்தி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மார்க்கெட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா கடைக்கு நாலு கடை தள்ளி நின்றபடி, அந்தக் கிழங்கான் மீன் நேற்று வந்தது மாதிரி இருக்கிறது என்று மனைவியின் காதோடு சொன்னேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்டிருக்காது. கடைக்குப் பின்னாலிருந்து, “இன்னைக்கு விடியக்கால வந்தது சார்,” என்று மகளின் குரல் வந்தது. அத்தனை பேர் நடுவில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல மீன்தான்.

விண்ணப்பத்தில் ஐந்து பாடங்களை வரிசைப்படுத்தி எழுத இடம் உண்டு. அவள் முதல் வரியில் வேதியியல் என்று எழுதி, மற்ற நான்கிலும் கோடு போட்டிருந்தாள். இது பைத்தியக்காரத்தனம், எதற்கும் இருக்கட்டும் என்று தமிழையாவது எழுது என்று சொல்லிப் பார்த்தேன். வேதியியலில் வாத்தியார் சொல்வதும் பலகையில் எழுதுவதும் ஒன்றாகவே இருக்கும், வேறு எந்தப் பாடத்திலும் அப்படி இல்லை என்றாள். விண்ணப்பத்தை அப்படியே வாங்கி முத்திரை குத்தினேன்.

வேறு கல்லூரிக்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வேதியியல் உள்ளது எங்கள் கல்லூரிதான். விடுதிக்கு அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. இங்கே கிடைக்காவிட்டால் ஆடி பிறந்ததும் இறால் கம்பெனிக்கு அனுப்புவதாக ஏற்கெனவே பேசியாகிவிட்டது. சித்தி மகள் அங்கே இறால் உரிக்கிறாள், பக்கத்தில் இவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாள் என்று அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் மட்டும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தரவரிசைப் பட்டியல் வந்தது. வேதியியலில் அவள் பன்னிரண்டாவது ஆள். அவளைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி தனி ஒதுக்கீடு உண்டு. அது தேவைப்படாமலே, வெறும் மதிப்பெண்ணில், எல்லாரோடும் நின்று பன்னிரண்டாவது. எனக்கு என் வீட்டுப் பிள்ளை வாங்கியது மாதிரி இருந்தது.

சேர்க்கை நாளன்று முதல்வர் அறையில் முதல்வரும் வேதியியல் துறைத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. வெளியே பெஞ்சுகளில் மாணவிகளும் பெற்றோரும். பதினோரு பேர் முடிந்தது. பன்னிரண்டாவது கோப்பை நான் வைத்தேன். துறைத் தலைவர் மாற்றுத்திறனாளி அட்டையைப் பார்த்ததும் கோப்பை மூடினார்.

அவர் கெட்டவர் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். முந்தின வருஷம் ஆய்வுக்கூடத்தில் அமிலக் குப்பி ஒன்று சரிந்தது. “நான் கத்துனதுலதான் அந்தப் பொண்ணு பின்னால குதிச்சா. இந்தப் பொண்ணுக்கு நான் எப்படிக் கத்துவேன் சார்?” என்று முதல்வரைக் கேட்டார். முதல்வர் என்னைப் பார்த்து, வேதியியலில் இடம் முடிந்துவிட்டதென்று சொல்லிவிடும், தமிழ் கொடுப்போம், எழுத்து நன்றாக வருகிறதல்லவா என்றார்.

இடம் முடியவில்லை. இன்னும் இருபத்தெட்டு இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் பதினாலு வருஷமாகப் பெரியவர்கள் சொன்னதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய கால்கள், என்னைக் கேட்காமலே வெளியே நடந்தன. அவள் நோட்டை நீட்டினாள். ‘வேதியியலில் இடம் இல்லை. தமிழ் இலக்கியத்தில் சேரலாம்’ என்று எழுதினேன். அவள் படித்தாள்.

“இதுல ஒரு பிழை இருக்கு சார்.”

நான் வாங்கிப் பார்த்தேன். றகரம் இல்லை, ஒற்று விடவில்லை. எங்கே என்று கையால் கேட்டேன்.

“எழுத்துப் பிழை இல்ல. அந்தப் பெரிய சார் இடம் முடிஞ்சிட்டுன்னு சொல்லச் சொன்னாவ. பாத்தேன்,” என்றாள். முதல்வருக்கு மீசை கிடையாது. கண்ணாடித் தடுப்பை நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. “மீச வச்ச சார் என்ன சொன்னாவன்னு தெரியல. அதத்தான் எழுதணும். அத எழுதித் தாங்க.”

வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் புரியாமல் என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என் வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். ‘காது கேளாதவர் என்பதால் வேதியியலில் சேர்க்கை மறுக்கப்படுகிறது.’ தேதி வேண்டும் என்றாள். போட்டேன். கையெழுத்து வேண்டும் என்றாள். அது என் கையெழுத்து இல்லையே, உள்ளே இருக்கிறவர்களுடையதல்லவா. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

துறைத் தலைவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஏன்வே, சொன்னத எல்லாம் எழுதிருவீரா?” என்றார்.

சொன்னதைத்தானே சார் எழுதியிருக்கிறேன் என்றேன். என் சர்வீஸில் நான் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அது. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

முதல்வர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட நோட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோனார். பேனா இறங்கவில்லை. வாயால் சொல்லும்போது அக்கறையாக இருந்த ஒன்று தாளில் வந்ததும் வேறு என்னவோ ஆகிவிட்டது. சட்டம் என்ன சொல்கிறதென்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, அவளை உள்ளே வரச் சொல் என்றார்.

அம்மாவும் மகளும் வந்தார்கள். துறைத் தலைவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அவரே எழுதினார். ‘ஆய்வுக்கூடத்தில் பயம் இல்லையா?’

“இருக்கு சார். பயம் இருக்கறதாலதான் எல்லார் மூஞ்சியும் பாத்து நிப்பேன். பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசம் ஒரு கண்ணாடிக் குழாய் ஒடைக்கல. ஒடச்சதெல்லாம் காது கேக்குற பிள்ளைங்க.” எதிரே ஒருத்தி எப்போதும் முகம் பார்த்து நின்றால் போதும், அபாய மணியோடு ஒரு விளக்கும் எரிகிற மாதிரி வைத்தால் எல்லாருக்குமே நல்லது என்றும் சொன்னாள். துறைத் தலைவர் மறுபடி எழுதப் போய், எழுதாமல் நிறுத்தினார். பிறகு முதல்வரைப் பார்த்து, சேர்த்துக்கொள்ளலாம் என்பது போலத் தலையசைத்தார்.

முதல்வர் என்னிடம் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டி, பின்னால் ஒரு பிரச்சினையும் வராதபடி பார்த்து எழுதும் என்றார். அந்த வேலையில் நான் சூரன். குறிப்புக் கட்டத்தில் சிறிய எழுத்தில் நெருக்கி எழுதினேன். ‘மாணவியின் செவித்திறன் குறைபாட்டைக் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில் வேதியியல் பிரிவில் இடம் வழங்கப்படுகிறது.’ மூன்று தடவை சரிபார்த்தேன். ர, ற, ண, ன எல்லாம் சுத்தம். நான் அதுவரை எழுதியதில் அழகான வாக்கியம் அதுதான் என்றுகூட நினைத்தேன். அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

அன்று கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் ஒருத்தியும் எதையும் படிக்கவில்லை. இவள் படித்தாள். விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

“இந்த வார்த்தை எதுக்கு சார்?”

கருணை. அம்மா அவள் தொடையைக் கிள்ளினார். “ஏளா, குடுத்தத வாங்கிட்டுப் பேசாமக் கெட,” என்றார். வெளியே பதின்மூன்றாவது பெண் கோப்போடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முதல்வரின் முகம் இறுகுவதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். முகம் பார்ப்பதில் அவளை மிஞ்ச முடியாது. கையெழுத்துப் போட்டுவிடு மகளே, ஒரே ஒரு சொல்தானே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் விரலை ஒரு வரி மேலே ஏற்றினாள். பதினோராவது பெண்ணின் கட்டம். அதற்கு மேலே பத்தாவது. எல்லாவற்றிலும் நான் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்.

“நானும் மார்க்குலதான வந்தேன்?” என்றாள். குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது.

துறைத் தலைவர் பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “அவ சொல்லுதது சரிதான் சார். கருணை கிருணையெல்லாம் வச்சிக்கிட்டு லேப் நடத்த முடியாது,” என்றார். முதல்வர் என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்கெல்லாம் என்ன எழுதினீர் என்று கேட்டார். சொன்னேன். பிறகு இவளுக்கு மட்டும் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதினீர் என்று என்னையே கடிந்துகொண்டார். நான் வாங்கிக்கொண்டேன். அந்தத் திட்டு எனக்கு உரியதுதான்.

என் அழகான வாக்கியத்தின் மேல் அடிக்கோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் எழுதினேன். ‘சேர்க்கப்பட்டார்.’ முதல்வர் கையெழுத்திட்டார், இந்த முறை பேனா தயங்கவில்லை. அவள் அந்தச் சொல்லை இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை என்னிடம் தள்ளினாள்.

அம்மாவுக்கு இன்னும் பயம் போகவில்லை. கூடத்துக்கு வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே நின்று, கடுதாசியில் கடைசியாக என்ன போட்டார்கள் என்று கேட்டார். அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள். ரகசியமாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“எல்லாருக்கும் போட்டதத்தாம்மா எனக்கும் போட்டிருக்கு.”